நான்கு கதவுகள், 510 குதிரைத்திறன்

பந்தய வீடியோ விளையாட்டு ஒன்று உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க, அதில் எந்தக் காரை எடுத்து ஓட்டுவது? ஃபார்முலா 1 கார் என்பார்கள் பலர். வேகமான செடான் ஒன்றை, அதிலும் இத்தாலியச் செடானை எடுக்கச் சொல்வேன் நான். பந்தயத்துக்கென்றே செய்த காரில் சஸ்பென்ஷன் விறைப்பாக இருக்கும், உடல் சாயாது, ஓட்டுபவர் எப்போதும் பிடிமானத்தின் எல்லையிலேயே இருப்பார். கணக்குப் போட வேண்டிய சூழல்கள் குறைவு. நான்கு கதவும் பின்னிருக்கையும் டிக்கியும் உள்ள காரில் எல்லாமே அசைகிறது. பிரேக் அடித்தால் முன்பக்கம் தாழ்கிறது, வளைவில் உடல் சாய்கிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் அமர்கிறது. எந்த அசைவை அடக்குவது, எதை விட்டுவைப்பது என்று பொறியாளர்கள் எடுக்கும் முடிவுகளில்தான் அந்தக் காரின் குணம் இருக்கிறது. அந்தக் குணத்தைத் திரைக்குக் கொண்டுவருவதுதான் கடினம்.

இந்தக் கட்டுரைக்கு மையமாக நான் வைத்துக்கொள்வது ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ. இந்தியாவில் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் முறையாக விற்பனை செய்வதில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் காரின் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கிடைக்கும் ஒரே இடம் வீடியோ விளையாட்டுதான். அப்படிக் கிடைப்பது காரா, காரின் படமா என்ற கேள்வி ஆகவே வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாக எனக்குத் தோன்றுவதில்லை.

முதலில் இந்த வகைக் கார் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆல்ஃபா ரோமியோ செல்வந்தர்களுக்கும் பந்தய வீரர்களுக்கும் மட்டும் கார் செய்த நிறுவனம். 1950இல் வந்த 1900 என்ற செடான்தான் அதன் முதல் பெருந்தொகை உற்பத்திக் கார். பந்தயங்களில் வெல்லும் குடும்பக் கார் என்றே அதை விளம்பரப்படுத்தினார்கள். 1962இல் மோன்ட்சா பந்தயத்தடத்தில் அறிமுகமான முதல் ஜூலியா அந்த வழியில் வந்தது. பார்க்கப் பெட்டி போலிருந்தாலும் காற்றைக் கிழிப்பதில் அன்றைய பல விளையாட்டுக் கார்களை விடத் தேர்ந்தது. அதன் காற்றுத்தடைக் குணகம் 0.34. இத்தாலியக் காவல்துறை அதை ரோந்துக்கு எடுத்துக்கொண்டது. 1963இல் மசெராட்டி, பந்தய இரத்தம் ஓடும் வி8 இயந்திரத்தை நான்கு கதவுக் காருக்குள் வைத்து குவாட்ரோபோர்ட்டேயைக் கொண்டுவந்தது. 1986இல் லான்சியா இன்னும் துணிந்து, ஃபெராரியின் வி8 இயந்திரத்தைத் தன் தேமா செடானின் முன்சக்கரங்களுக்குப் பூட்டியது. தேமா 8.32 என்ற அந்தக் காரின் டிக்கி மூடிக்குள் மறைந்திருக்கும் இறக்கை, வைப்பர் தண்டிலிருந்த விசையைத் திருகினால் மேலே எழும்.

1993இல் ஆல்ஃபா ரோமியோ 155 செடானின் உருவத்தில் ஒரு பந்தயக் கார் ஜெர்மனியின் டிடிஎம் போட்டிக்குள் நுழைந்தது. நிக்கோலா லாரினி ஓட்டினார். மெர்சிடிஸின் சொந்த மண்ணில், முதல் ஆண்டிலேயே பட்டத்தை வென்றார். 2.5 லிட்டர் வி6, நான்கு சக்கர இயக்கம், 400 குதிரைத்திறனுக்கு மேல். உள்ளே அதில் செடான் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் இத்தாலியச் செடான் என்றால் இன்றும் பலர் மனத்தில் எழும் உருவம் அந்தச் சிவப்பு 155தான். விளையாட்டுகளின் வழியாகவே அதை அறிந்த ஒரு தலைமுறை இருக்கிறது.

இன்றைய ஜூலியா 2015 ஜூன் 24ஆம் தேதி, நிறுவனத்தின் 105ஆவது பிறந்தநாளில், மிலான் அருகே அரேசேயில் திரைவிலக்கப்பட்டது. முதலில் காட்டியதே உச்ச வகையான குவாட்ரிஃபோலியோதான். 2.9 லிட்டர் வி6, இரண்டு டர்போ, 510 குதிரைத்திறன், 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, பின்சக்கர இயக்கம். ஃபெராரியிலிருந்து வந்த ஃபிலிப் கிரிஃப் போன்ற பொறியாளர்கள் ஒரு சிறு குழுவாகத் தனியே அமர்ந்து உருவாக்கிய கார் இது. பானெட், கூரை, பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு எல்லாம் கார்பன் இழை. எடை முன்னும் பின்னும் சரிபாதி. மறு ஆண்டே இத்தாலியின் கராபினியேரி படை இரண்டு குவாட்ரிஃபோலியோக்களைப் பெற்றது; உடலுறுப்புகளையும் இரத்தத்தையும் அவசரமாக மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்ல. இந்த ஒரு செய்தி போதும், வேகமான செடான் என்பது எதற்கு என்று விளங்கிக்கொள்ள. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் கார், உள்ளே இருப்பதைக் குலுக்காமலும் போக வேண்டும்.

விளையாட்டுகளில் இந்தக் கார்களின் வரலாறு சற்று மேடுபள்ளமானது. 1997 டிசம்பரில் பிளேஸ்டேஷனுக்கு வந்த முதல் கிரான் டூரிஸ்மோவில் இத்தாலியக் கார் ஒன்றுகூட இல்லை. ஜப்பானியக் கார்களும் சில அமெரிக்க, பிரிட்டிஷ் கார்களுமே இருந்தன. 1999இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் ஆல்ஃபா ரோமியோவும் ஃபியட்டும் லான்சியாவும் நுழைந்தன. அந்த விளையாட்டின் பெரிய கொடை, சாதாரணச் செடான்களுக்கும் மரியாதை தந்தது. பழைய கார்க் கடையில் கொஞ்சப் பணத்துக்கு ஒரு செடானை வாங்கி, அதையே மெருகேற்றிப் பந்தயம் ஓட்டலாம். ஆனால் அன்றைய கணக்குத்திறனில் ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் வேறுபாடு என்பது பெரும்பாலும் சக்தி, எடை, எந்தச் சக்கரம் இயங்குகிறது என்ற மூன்றில் முடிந்துவிடும். குணம் என்று நாம் சொல்வது அந்த மூன்றுக்கும் அப்பால் இருக்கிறது.

2005இல் மிலானின் மைல்ஸ்டோன் நிறுவனம் ஆல்ஃபா ரோமியோவை மட்டுமே வைத்து, ஸ்குவாட்ரா கோர்சே ஆல்ஃபா ரோமியோ என்றொரு விளையாட்டைச் செய்தது. தவறு செய்தால் காலத்தைப் பின்னோக்கி ஓட்டித் திருத்திக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. பிற்பாடு கிரிட், ஃபோர்ட்சா விளையாட்டுகள் வழியாக உலகமெங்கும் பரவிய உத்தி அது. பாதி மறந்துபோன அந்த விளையாட்டுக்கு இந்தப் பெருமையையாவது நாம் தர வேண்டும். அடுத்த ஆண்டு சுவீடனின் சிம்பின், உலக டூரிங் கார் போட்டியை வைத்துச் செய்த ரேஸ் என்ற விளையாட்டில் 156 செடானைத் தந்தது. முன்சக்கர இயக்கக் காரை வேகமாக ஓட்டுவது தனிக் கலை. பிரேக்கைத் தொட்டபடியே வளைவுக்குள் நுழைந்து, எடையற்றுப்போன பின்பக்கத்தைச் சுழலவிட்டு, முன்பக்கத்தின் சோம்பலை ஈடுகட்ட வேண்டும். அதைக் கேள்விப்பட்டிருந்த பலருக்குக் கையில் புரியவைத்தது அந்த விளையாட்டு.

ஃபோர்ட்சா வரிசை வேறு பாதையில் போனது. 2018இல் வந்த ஃபோர்ட்சா ஹொரைசன் 4இல் ஜூலியா குவாட்ரிஃபோலியோ உண்டு. பிரிட்டனின் கிராமத்துச் சாலைகளில், மழையிலும் பனியிலும் அதை ஓட்டலாம். செடானுக்குப் பொருத்தமான இடம் அதுதான். பந்தயத்தடத்தை விடச் சாலையில்தான் அது தன் முகத்தைக் காட்டும். ஆனால் இந்த விளையாட்டு கேம்பேடை மனத்தில் வைத்துச் செய்தது. கட்டைவிரல் அசையும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தூரத்துக்குள் முழு ஸ்டியரிங்கும் அடங்க வேண்டும் என்பதால், விரலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நிரல் நிறையத் திருத்தங்களைச் செய்கிறது. அதில் தவறில்லை; அது இல்லாவிட்டால் ஓட்டவே முடியாது. என் வருத்தம் வேறு. அங்கே ஆடுபவர்கள் வெற்றிக்காக முதலில் செய்யும் காரியம், காரின் இயந்திரத்தை மாற்றுவது, பின்சக்கர இயக்கத்தை நான்கு சக்கர இயக்கமாக்குவது. அதன் பிறகு ஜூலியா என்று எஞ்சுவது முகப்பின் முக்கோணம் மட்டுமே. விளையாட்டு அதற்கு இடம் தருகிறது, பரிசும் தருகிறது. காரைக் காராகவே வைத்துக்கொண்டு போட்டியிட இன்னும் வலுவான காரணத்தை அது தந்திருக்கலாம்.

இத்தாலியச் செடானுக்கு நியாயம் செய்ததாக நான் கருதுவது இத்தாலியிலேயே பிறந்த அசெட்டோ கோர்சா. ரோமுக்கு வடக்கே உள்ள வல்லேலுங்கா பந்தயத்தடத்திலேயே அலுவலகம் வைத்திருக்கும் குனோஸ் சிமுலாட்சியோனி நிறுவனம் செய்தது. மார்கோ மசருட்டோவும் ஸ்டெஃபானோ கசில்லோவும் 2005இல் தொடங்கிய நிறுவனம். 2010இல் ஃபெராரிக்காக ஓட்டுநர் பயிற்சி விளையாட்டு ஒன்றைச் செய்து பெயர் பெற்றது. அசெட்டோ கோர்சாவின் முழு வடிவம் 2014 டிசம்பரில் வந்தது. இன்றும் ஆடுகிறார்கள். அதில் ஜூலியா குவாட்ரிஃபோலியோவும் இருக்கிறது, மசெராட்டி குவாட்ரோபோர்ட்டே ஜிடிஎஸ்ஸும் இருக்கிறது, லாரினியின் 155ம் இருக்கிறது. மூன்றையும் ஒரே தடத்தில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் நான் சொல்லவரும் வேறுபாடு ஒரே மாலையில் விளங்கிவிடும்.

இந்த விளையாட்டுகள் என்னதான் கணக்கிடுகின்றன? அடிப்படையில் டயரை. கார் தரையைத் தொடுவது நான்கு உள்ளங்கையளவு இடங்களில்தான். சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சில பாகை வேறுபாடு வரும்போதுதான் பக்கவாட்டு விசை பிறக்கிறது. வேறுபாடு கூடக் கூட விசை கூடும், ஓர் உச்சத்தை அடையும், பிறகு சரியும். அந்த வளைகோட்டைக் கணிதத்தில் பிடித்துத் தந்தவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் பசேய்க்கா. 1980களில் வோல்வோ பொறியாளர்களோடு சேர்ந்து அவர் உருவாக்கிய சமன்பாட்டுக்கு மாய வாய்பாடு என்றே பெயர். ஏன் அப்படி நடக்கிறது என்பதை அது விளக்குவதில்லை. அளந்த தரவோடு ஒத்துப்போகும் கோட்டை மட்டும் வரைந்து தரும். கார்த் தொழிலும் விளையாட்டுத் தொழிலும் நீண்ட காலம் அதன் தோளில்தான் நின்றன.

பந்தய டயரில் அந்த உச்சம் கூர்மையானது. தாண்டினால் சட்டென்று விழும். சாலை டயரில் உச்சம் ஒரு மேட்டுநிலம்; மெதுவாக ஏறி, கொஞ்ச தூரம் சமமாகப் போய், மெதுவாக இறங்கும். ஜூலியாவில் பூட்டி வரும் பிரெல்லி பீ ஸீரோ கோர்சா இரண்டுக்கும் நடுவில் நிற்கும் டயர். காய்ந்த சாலையில் பந்தய டயரை நெருங்கும், குளிரிலும் ஈரத்திலும் கைவிடும். நல்ல விளையாட்டில் முதல் சுற்றில் டயர் சூடேறாமல் பின்பக்கம் நழுவிக்கொண்டே இருப்பதை உணரலாம்.

எடையின் நகர்வு அடுத்தது. ஜூலியாவின் முன்பின் சக்கர இடைவெளி 2,820 மில்லிமீட்டர். ஓட்டுநரோடு சேர்த்து எடை சுமார் 1,700 கிலோ என்றும், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் என்றும் வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான அளவில் வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 300 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். நிற்கும்போது முன்னும் பின்னும் 850 கிலோவாக இருந்தது, இப்போது முன்னால் 1,150, பின்னால் 550. டயரின் மேல் எடை இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை, குறைவாகவே கூடும். ஆகவே இந்த இடமாற்றத்தில் கார் மொத்தமாகக் கொஞ்சம் பிடிமானத்தை இழக்கவும் செய்கிறது. அதோடு, மென்மையான சஸ்பென்ஷனில் இந்த எடை ஒரே நொடியில் இடம் மாறி அமர்ந்துவிடுவதில்லை. போய், சற்று அதிகமாகவே தாழ்ந்து, திரும்பி நிலைக்கிறது. அந்தக் கால இடைவெளியைத் தெரிந்து அதற்கேற்ப ஸ்டியரிங்கைத் திருப்புவதுதான் செடானை ஓட்டும் திறமை. அவசரக்காரருக்கு அது பிடிகொடுக்காது.

அசெட்டோ கோர்சா இந்தக் கணக்கையெல்லாம் நொடிக்கு 333 முறை போடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையே சுமார் 17 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். தடத்தையும் லேசர் ஒளியால் அளந்து, மேடுபள்ளங்களோடு வைத்திருப்பதால், அந்த 17 சென்டிமீட்டருக்குள் சாலை மாறியிருந்தால் சக்கரம் அதை அறிந்துகொள்ளும்.

இதைப் பார்க்க ஏற்ற இடம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குத் தடத்தில் உள்ள ஃபுக்ஸ்ரோரே என்ற இறக்கம். இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தத் தடத்தில் ஆரெம்பெர்க் வளைவைக் கடந்து பாலத்துக்கு அடியில் புகுந்ததும் சாலை காட்டுக்குள் சரிகிறது. இடமும் வலமுமாகச் சிறு நெளிவுகள். ஆக்ஸிலரேட்டரை எடுக்காமல் விட்டால் வேகம் ஏறிக்கொண்டே போகும். அடியில் ஒரு பள்ளம். அதிலிருந்து சாலை சட்டென்று மேலே எழுந்து, இடப்பக்கம் திரும்பி, ஆடெனாவர் ஃபோர்ஸ்ட் என்ற குறுகலான இரட்டை வளைவில் கொண்டுபோய் நிறுத்தும்.

155இல் அந்தப் பள்ளத்தைக் கடக்கும்போது ஒரு தட்டு, அவ்வளவுதான். கார் தண்டவாளத்தில் போவதைப் போலவே போகும். ஜூலியாவில் பள்ளத்தின் அடியில் கார் முழுக்க அமுங்குகிறது. ஸ்டியரிங் கனக்கிறது, டயர்களின் மேல் எடை கூடியதால் அந்த ஒரு கணம் பிடிமானம் அள்ளிக் கொடுக்கிறது. அந்தக் கொடையை நம்பி ஏற்றத்தில் இடப்பக்கம் திரும்பினால், சஸ்பென்ஷன் விரியும் நேரத்தில் எடை குறைந்து, கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளும். பின்பக்கம் மெல்ல வெளியே நகரும். திரும்பி முடிக்கும் முன்பே பிரேக்குக்கும் போக வேண்டும். ஆகவே பள்ளத்தில் கார் கனமாக இருக்கும்போதே திருப்பத்தை முடித்துவிட வேண்டும், விரியும்போது கையை நேராக வைத்திருக்க வேண்டும், கார் நிதானித்த பிறகே பிரேக்கைத் தொட வேண்டும். குவாட்ரோபோர்ட்டேயில் இதே வரிசைதான், ஆனால் எல்லாம் தாமதமாக நடக்கும். ஐந்தேகால் மீட்டர் நீளமும் ஏறக்குறைய இரண்டு டன் எடையும் கொண்ட கார் அது. 530 குதிரைத்திறன் அதை ஏற்றத்தில் இழுத்துப் போய்விடும். எடையை நிதானத்துக்குக் கொண்டுவருவது குதிரைத்திறனின் வேலை இல்லை. பள்ளத்துக்கு முன்பே ஒரு கணம் காலை எடுக்காதவர் ஆடெனாவர் ஃபோர்ஸ்ட்டில் புல்லில்தான் நிற்பார்.

மூன்று கார், மூன்று காலக்கணக்கு. இதை ஒரு விளையாட்டு இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறதென்றால், செடானின் குணத்தில் பெரிய பங்கை அது பிடித்துவிட்டது என்றே சொல்வேன்.

ஸ்டியரிங் சக்கரம் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. முன் டயர் தரையில் பதியும் இடத்தில் பக்கவாட்டு விசை சற்றுப் பின்தள்ளி வேலை செய்வதால், டயர் எப்போதும் தன்னை நேராக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த இழுப்புதான் கையில் கனமாகத் தெரிவது. பிடிமானம் உச்சத்தை அடைவதற்குச் சற்று முன்பே அந்த இழுப்பு குறையத் தொடங்கும். ஸ்டியரிங் இலேசாகிறது என்றால், டயர் தன் கடைசி இருப்பைச் செலவழிக்கிறது என்று பொருள். மோட்டார் வைத்த விளையாட்டு ஸ்டியரிங்குகள் இதை நன்றாகவே தெரிவிக்கின்றன. பல்சக்கரங்கள் வழியே விசை தரும் விலைகுறைந்த ஸ்டியரிங்கில் சிறு மாற்றங்கள் பல்லிடுக்கில் தொலைந்துபோகும். மோட்டாரின் தண்டிலேயே நேரடியாகப் பூட்டியவற்றில் தொலைவதில்லை. ஜூலியாவின் ஸ்டியரிங் விகிதம் 11.8க்கு 1, செடானுக்கு இது மிக விரைவானது. கை சற்றே அசைந்தால் போதும், முன்பக்கம் பாய்ந்துவிடும். புதிதாக ஓட்டுபவர் முதல் வளைவுகளில் தேவைக்கு மேல் திருப்பிவிட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். உண்மைக் காரை ஓட்டிய பத்திரிகையாளர்களும் அந்தக் கூர்மையைத்தான் முதலில் குறிப்பிட்டார்கள்.

இனி விளையாட்டுகள் தடுமாறும் இடம். ஜூலியா குவாட்ரிஃபோலியோவின் பின் டிஃபரன்ஷியலில் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் இரண்டு கிளட்ச்கள் உண்டு. வளைவில் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு சக்தி போக வேண்டும் என்று கணினி தீர்மானித்து, வெளிச்சக்கரத்துக்கு அதிகம் தந்து காரைத் திருப்பும். இதன் நிரல் ஆல்ஃபாவின் தொழில்ரகசியம். பெரும்பாலான விளையாட்டுகளில் டிஃபரன்ஷியல் என்பது சக்தி தரும்போது எவ்வளவு பூட்டு, தராதபோது எவ்வளவு பூட்டு, தொடக்க இறுக்கம் எவ்வளவு என்ற மூன்று எண்கள்தான். இயந்திரப் பூட்டு உள்ள பழைய காருக்கு அது போதும். நொடிக்கு நொடி மனம் மாறும் டிஃபரன்ஷியலுக்கு அது தோராயமே. முகப்பின் அடியில் வேகத்துக்கேற்பத் தன்னைச் சாய்த்துக்கொள்ளும் கார்பன் தகடு, ஓட்டுமுறைத் திருகை ரேஸ் நிலைக்குத் திருப்பினால்தான் முழுதும் விலகும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு என எல்லாவற்றுக்கும் இதே கதைதான். உலோகத்தையும் ரப்பரையும் கணக்கிடக் கற்றுக்கொண்ட விளையாட்டு, இன்னொருவர் எழுதிய நிரலை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒரு விஷயம் வருகிறது. ஜூலியாவின் பிரேக் பெடலுக்கும் சக்கரத்தில் உள்ள பிரேக்குக்கும் வழக்கமான ஓட்டத்தில் நேரடி எண்ணெய்த் தொடர்பு கிடையாது. பெடலை எவ்வளவு மிதித்தோம் என்பதை உணரி அளக்கும். ஒரு மின்மோட்டார் அழுத்தத்தை உண்டாக்கிச் சக்கரங்களுக்கு அனுப்பும். காலில் நாம் உணரும் எதிர்ப்பு, அதற்கென்றே வைத்த ஸ்பிரிங்கும் ரப்பரும் தருவது. அந்தப் பாகத்தைப் பொறியாளர்கள் பெடல் சிமுலேட்டர் என்றுதான் அழைக்கிறார்கள். வீட்டில் மேசைக்கடியில் இருக்கும் அழுத்தம் அளக்கும் விளையாட்டு பெடலும் அதே வேலையை அதே முறையில்தான் செய்கிறது. மின்மோட்டார் உதவும் ஸ்டியரிங்கின் கனத்திலும் பாதி நிரலின் கையில். விளையாட்டு காரை நோக்கி நகர்ந்திருக்கிறது என்று இத்தனை நாள் பேசிவந்தோம். காரும் விளையாட்டை நோக்கி நகர்ந்திருக்கிறது. கை கால் வழியே காரோடு பேசுவதுதான் ஓட்டுதல் என்றால், அந்தப் பேச்சின் இரு முனையிலும் இன்று நிரல்தான் உட்கார்ந்திருக்கிறது. இதைக் கேட்டு வருந்துபவர்கள் உண்டு. எனக்கு வருத்தமில்லை. நல்ல பொறியாளர் எழுதிய நிரலில் அவருடைய ரசனை இருக்கிறது. ஜூலியாவின் ஸ்டியரிங்கில் அது தெரிகிறது.

ஆனால் கை கால் தவிர உடல் என்று ஒன்று இருக்கிறதே. உண்மைக் காரில் பின்பக்கம் நழுவத் தொடங்குவதை முதலில் சொல்வது கண் இல்லை. இடுப்பும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும்தான். கண்ணுக்குத் தெரியும்போது நழுவல் ஓரளவு வளர்ந்திருக்கும். வீட்டு நாற்காலி அசையாது. ஆகவே விளையாடுபவர் ஸ்டியரிங்கின் இலேசையும் டயர் கீச்சிடும் ஒலியையும் வைத்து இடுப்பின் வேலையை ஈடுகட்டப் பழகுகிறார். பழக்கத்தில் அது வியக்கத்தக்க அளவு கைவரும். ஒலியால் டயரைக் கேட்பது என்பது விளையாட்டே வளர்த்த புதிய திறமை. சாலையில் உங்கள் கார் அப்படிக் கீச்சிட்டால் எப்போதோ எல்லை தாண்டிவிட்டீர்கள்.

எதனாலும் ஈடுகட்ட முடியாதது செடானின் மறுபாதி. ஜூலியாவைப் பற்றி எழுதிய சாலைச் சோதனையாளர்கள் மீண்டும் மீண்டும் சொன்ன பாராட்டு, அதன் சஸ்பென்ஷன் கரடுமுரடான சாலையை எவ்வளவு நாகரிகமாக விழுங்குகிறது என்பது. 510 குதிரைத்திறன் காரில் அந்த மென்மை அரிது. பொறியாளர்கள் அதற்குத்தான் அதிகம் உழைத்திருப்பார்கள். விளையாட்டில் அது முழுக்கக் காணாமல் போகிறது. நாற்காலி குலுங்காத இடத்தில், குலுங்காமல் வைத்திருக்கும் திறமைக்கு என்ன மதிப்பு? அங்கே மென்மை ஒரு குறையாகவே தெரிகிறது, சுற்று நேரத்தைத் தின்னும் அசைவாக. ஆகவே ஆடுபவர் அமைப்புத் திரைக்குப் போய் ஸ்பிரிங்கை இறுக்குகிறார், உயரத்தைக் குறைக்கிறார். செடானைச் செடானாக்கும் சமரசத்தின் ஒரு தட்டு காலியாக இருப்பதால் தராசு எப்போதும் பந்தயப் பக்கமே சாய்கிறது. விளையாட்டுகளில் இந்த வகைக் கார்களுக்கு உரிய இடம் கிடைக்காததற்கு அடிப்படைக் காரணம் இதுதான் என்பது என் முடிவு. குனோஸ் நிறுவனமே அடுத்துச் செய்த அசெட்டோ கோர்சா கொம்பெட்டிட்சியோனேயில் சாலைக் கார்களைக் கைவிட்டு ஜிடி பந்தயக் கார்களுக்குப் போய்விட்டதும் வியப்பில்லை.

சுற்று நேரத்தைப் பற்றி ஒரு சொல். 2016இல் ஓட்டுநர் ஃபாபியோ ஃபிரான்சியா, தானியங்கி கியர் பூட்டிய ஜூலியா குவாட்ரிஃபோலியோவில் நூர்பர்க்ரிங் வடக்குத் தடத்தை 7 நிமிடம் 32 நொடியில் சுற்றினார். அதற்கு முந்தைய ஆண்டு, கையால் கியர் மாற்றும் காரில் 7 நிமிடம் 39 நொடி. நான்கு கதவுச் செடானுக்கு அன்று அந்த 7 நிமிடம் 32 நொடி சாதனை. 2017இல் ஜாகுவார் அதை 7 நிமிடம் 21 நொடியாகக் குறைத்தது. விளையாட்டில் இந்த எண்ணை வெல்வதைப் பலர் இலக்காக வைக்கிறார்கள், வென்றதும் விளையாட்டு பொய் என்கிறார்கள். ஒப்பீடு அவ்வளவு எளிதன்று. அந்நாளைய சாதனைகள் தடத்தின் ஒரு சிறு பகுதியை விட்டுவிட்டு அளந்தவை. விளையாட்டில் நீங்கள் தேர்ந்த தட வடிவம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். அன்றைய காற்றின் வெப்பம், டயரின் தேய்மானம், தொட்டியில் இருந்த பெட்ரோல் எதுவும் ஒன்றாக இருக்காது. இவற்றுக்கெல்லாம் மேலே, ஃபிரான்சியாவுக்குச் சாலையோர இரும்புத் தடுப்பு உண்மையானது. தவறினால் திரும்ப முதலிலிருந்து தொடங்கும் பொத்தான் அவருக்கு இல்லை. நூறு முறை விழுந்து எழுந்து ஃபுக்ஸ்ரோரேயில் காலை எடுக்காமல் போகக் கற்றவரின் நேரத்தை, விழவே கூடாதவரின் நேரத்தோடு நொடிக் கணக்கில் ஒப்பிடுவது இருவருக்கும் நியாயமில்லை. சரியான சோதனை வேறு: எந்த வளைவில் கார் பிடிவாதம் பிடிக்கிறது, எங்கே இணங்குகிறது என்பது உண்மைக் காரின் காணொளியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஜூலியாவின் விஷயத்தில் அசெட்டோ கோர்சா அந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறுகிறது. பின்பக்கம் எப்போது நழுவும் என்பதில் நன்றாகவே. நழுவிய பின் டிஃபரன்ஷியல் எப்படி மீட்கும் என்பதில் சற்றுக் குறைவாக.

இந்தக் குறை தானே தீரவும் வழி பிறந்திருக்கிறது. 2023இல் செய்த மாற்றங்களுக்குப் பிறகு வந்த குவாட்ரிஃபோலியோவில் மின்னணு டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு இயந்திரப் பூட்டு வகையை வைத்திருக்கிறார்கள். சக்தியும் 520 ஆகியிருக்கிறது. விளையாட்டுகளுக்குக் கணக்கிடத் தோதான கார் அது. ஆனால் 2025 ஜனவரியில் முன்னோட்டமாக வெளிவந்த அசெட்டோ கோர்சா ஈவோவுக்குக் குனோஸ் தேர்ந்த ஜூலியா வேறு. 2020இல் அறிவித்த ஜிடிஏஎம். 540 குதிரைத்திறன், சௌபர் நிறுவனத்தின் காற்றியல் உதவி, அகலமான சக்கரத்தடம், பின்னால் பெரிய இறக்கை, பாலிகார்பனேட் ஜன்னல். ஜிடிஏ, ஜிடிஏஎம் இரண்டும் சேர்த்து 500 மட்டுமே செய்தார்கள். அற்புதமான கார்தான், ஓட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் ஜிடிஏஎம்மில் பின்னிருக்கை கிடையாது. அந்த இடத்தில் பாதுகாப்புக் கம்பி நிற்கிறது. செடானைத் தேடிப் போன விளையாட்டு, செடான் தன்மையைப் பெரிதும் துறந்துவிட்ட ஒன்றையே எடுத்து வந்திருக்கிறது.

சாலைகளும் போக்குவரத்தும் உள்ள பரந்த நிலப்பரப்பைத் தருவதாக ஈவோவில் சொல்லியிருக்கிறார்கள். அது வரும்போது சாதாரணக் குவாட்ரிஃபோலியோவும் அதனோடு வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். கூடவே ஒரு சிறு கணக்கையும் சேர்க்கட்டும். பின்னிருக்கையில் இரண்டு பேர் ஏறினால் பின் அச்சில் நூறு கிலோவுக்கு மேல் கூடும், பிரேக் தூரம் மாறும், ஃபுக்ஸ்ரோரேயின் பள்ளத்தில் பின் ஸ்பிரிங் இன்னும் அமுங்கும். அவர்கள் தலை எவ்வளவு ஆடியது என்பதற்கும் சுற்று நேரத்தைப் போலவே ஒரு மதிப்பெண் தரட்டும். அதைக் கணக்கிடத் தேவையான எண்கள் எல்லாம் நொடிக்குப் பலநூறு முறை ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன.